பாப்பரசரின் நிருபமும் இயற்கை வழியும்

மலாக்கா–ஜோகூர் மறைமாவட்டம் ஏற்பட்டது 1972-இல். அதற்கு நான்காண்டுகள் முன்பே, 1968 ஜூலையில், ஆறாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட ‘ஹூமானே வீட்டே’ என்னும் நிருபம் ஜோகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர்க்கும் சட்டமாகிவிட்டது. இன்றும் அது மாற்றப்படவில்லை. ஆதலின் அதனை வாசித்து நமக்குத் தோன்றியதைக் கூறுகிறோம்.

தக்க காரணமிருப்பின் தம்பதிகள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கலாம். ஆனால் கருவுறும் நாட்களை விலக்கிக் கூடுதலே அதற்கு வழி. மருந்தும் கருவியும் ஆகா என்பது நிருபத்தின் தீர்ப்பு. 1951-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையிலும் இதுவே காணப்படும். நோக்கம் ஒன்றாயிருக்க, வழி மட்டும் ஒன்று குற்றமாகவும் மற்றொன்று குற்றமற்றதாகவும் பிரிவதெங்ஙனம்? பொய் பேசுதல் வேறு, வாய் திறவாதிருத்தல் வேறு என்பர் அத்தரப்பினர். இவ்வுவமையை நாம் எள்ளி நகையாட மாட்டோம், அதில் பொருளுண்டு. ஆயினும் நாளெண்ணி, உடல் வெப்பமளந்து, குறித்து வைத்து மௌனம் சாதிப்பவர் சும்மா இருப்பவரல்லர். இயற்கைச் சக்திகளை மனிதன் அறிவால் ஆளலாமென்று அந்நிருபமே ஒப்புகிறது. அவ்வறிவு நாளெண்ணலாம், தடுக்கலாகாது என்பதற்கு இயற்கை ஒழுங்கு என்பதையன்றி வேறு வலிய காரணம் நமக்குப் புலப்படவில்லை.

நிற்க. நம் மனத்தைத் தைப்பது வேறொன்று. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் கருதாது சுமத்தப்படும் உறவு உண்மையான அன்பாகாதென்று 13-ஆம் பத்தி கூறுகிறது. அருமையான வாக்கு! இதனைக் கோயில்தோறும் ஆண்களை முன்னிருத்தி உரக்கப் படித்திருந்தால் எத்தனையோ பெண்கள் வாழ்த்தியிருப்பர். ஆனால் இயற்கை வழியோ இருவரும் ஒப்பினாலன்றி நடவாதது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி ரப்பர் மரத்திற் கத்தி வைத்த தோட்டத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் பாயைவிட்டு எழுமுன் வெப்பமானியை வாயில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வெப்பம் அரைப் பாகைக்குள் ஏறுவதைக் கண்டுகொள்ளும்வரை கணவனை விலக்கியும் வைக்க வேண்டும். கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவன் அந்தக் கணக்கைக் கேட்பானா?

பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டுமென்று பெரியார் ஈ.வெ.ரா. வாதித்தது இவ்விடத்தைத் தொட்டதனாலேதான். நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் மட்டும் பேசியோர் இதனைத் தொடவில்லை. நிருபமோ 17-ஆம் பத்தியில், கருத்தடையால் ஆண் பெண்ணை மதியாது போவானென அஞ்சுகிறது. மதிப்பு முன்னமே இல்லாத வீட்டில், கணவன் காத்திராத இரவில், அவள் செய்யத்தக்கது யாது? நிருபம் முழுவதும் தேடினோம், விடை காணோம்.