73 சதவீதம் திருப்தி: திருப்பூரிலிருந்து ஒரு வாசிப்பு

என்சிஇஆர்டியின் மனோதர்பன் பிரிவு 2022 ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த மாணவர் மனநலக் கணக்கெடுப்பைத் திரும்பப் படித்தேன். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை 3,79,842 மாணவர்கள். பள்ளி வாழ்க்கையில் திருப்தி என்றவர்கள் 73 சதவீதம். படிப்பு, பரீட்சை, ரிசல்ட்தான் பதற்றத்துக்குக் காரணம் என்றவர்கள் 81 சதவீதம். ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். பள்ளி பிடித்திருக்கிறது, பரீட்சை பயமுறுத்துகிறது. இதை எண்ணாகக் காட்டியதற்கே அந்த அறிக்கையைப் பாராட்டலாம்.

ஆனால் திருப்பூரில் உட்கார்ந்து படித்தால் மூணு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, பெயர் எழுதுவது கட்டாயமில்லை என்று விட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதே ஆய்வில் 28 சதவீதம் பேர் கேள்வி கேட்கவே தயங்குவதாகச் சொல்கிறார்கள். சந்தேகம் கேட்கத் தயங்குகிற பிள்ளை, பள்ளி வழியாக வருகிற படிவத்தில் மனசைத் திறக்குமா? அந்த 73-ஐ நான் உச்சவரம்பாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ரெண்டு, பதில் சொன்னவர்கள் எல்லாரும் பள்ளியில் இருப்பவர்கள். படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போன பையனுக்குப் படிவம் போகாது. பள்ளி ஏன் பிடிக்காமல் போனது என்று சொல்லக்கூடியவன் அவன்தான்.

மூணு, இது மாணவர் கணக்கெடுப்பு. குடும்பம் இதில் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அங்கே கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் காலை எட்டரைக்குப் போய், ஒன்றரை ஷிஃப்ட் பார்த்து, ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிகிற அம்மாவுக்கு வேலைநாள் பிற்பகல் கூட்டம் என்றால் கூலி போச்சு. ஒடிசா, பீகார் குடும்பத்துக்குத் தமிழ்ப் படிவம் கொடுத்தால், அதைப் படித்துச் சொல்லப்போவது அந்தப் பிள்ளையேதான். பிள்ளை மொழிபெயர்க்க, அப்பா பதில் சொல்வார். அது யாருடைய பதில்?

பள்ளிகள் சொந்தமாக சர்வே எடுப்பதானால், ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்கே போய், அவங்க மொழியில், ஆசிரியர் அல்லாத ஒருத்தர் கேட்கட்டும். பத்துக் கேள்வி போதும். ஒரு மாசத்துக்குள் முடிவை அவங்ககிட்டயே வாசித்துக் காட்டணும்: மாற்ற முடிந்தது இது, முடியாதது இது என்று. உண்மையைச் சொல்லியும் ஒண்ணும் நடக்காததைப் பார்த்த பிள்ளை, அடுத்த வருஷம் 'திருப்தி'யில் டிக் அடித்துவிட்டுப் போய்விடும். 73, 80 ஆகும். நாம் அதை முன்னேற்றம் என்போம்.