இருபத்தைந்து மி.மீ. ப்ளாசல்

என் மேசை இழுப்பறையில் தொலைநோக்கிக்கான பதினோரு ஐபீஸ்கள் கிடக்கின்றன. மொட்டை மாடிக்கு ஏறும்போது சட்டைப்பையில் வருவது ஒன்றுதான், 25 மி.மீ. ப்ளாசல். பதினாறு வருடமாக அதேதான்.

என்னுடைய 114/900 பிரதிபலிப்பானில் அது தருவது 36 மடங்கு, கிட்டத்தட்ட 1.4 பாகை வானம். அறுமீனும் விளிம்பில் இடிக்காமல் உள்ளே உட்காரும். மார்கழி இரவில் ஓரியன் வாளுக்குத் திருப்பினால், நெபுலாவின் சாம்பல் புகைக்கு நடுவே டிரபீசியத்தின் நான்கு நட்சத்திரங்களும் ஊசியால் குத்தினாற்போல் தனித்தனியாக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது அம்மாவை எழுப்பி மாடிக்குக் கூட்டிவந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள். "நாலு கடுகு" என்றாள். கண்ணாடியோடு பார்க்க முடிந்ததற்கும் இந்த ஐபீஸைத்தான் மெச்ச வேண்டும். ப்ளாசலில் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே கிடைக்கும் தூரம் குவியத்தூரத்தில் முக்கால் பங்கு போல வரும். 25-இல் தாராளம். 4 மி.மீ.யில் இமைமயிர் வில்லையைத் துடைக்கும்.

வியன்னாவின் ஜார்ஜ் சைமன் ப்ளாசல் 1860-இல் இரண்டு இரட்டை வில்லைகளை எதிரெதிரே வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் ஒதுங்கிக் கிடந்த அந்த அமைப்பு 1980-களில்தான் அமெச்சூர்களின் கைக்குப் பரவலாக வந்தது. நான்கு கண்ணாடிகள், ஆனால் காற்றைத் தொடும் பரப்புகளும் நான்குதான். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் வாங்கும்போது ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லை. ஊதாவோ பச்சையோ தட்டினால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு குழலைத் திருப்பி உள்ளே பாருங்கள். சுவர் கரிக்கட்டை போல மங்கிய கறுப்பாக இருக்க வேண்டும். சென்ற வருடம் நண்பருக்காக வரவழைத்த ஒன்றில் வெளியே அழகான எழுத்தில் ப்ளாசல் என்று பொறித்திருந்தது, உள்ளே குழல் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. நிலாவைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு வெளிறிய நிலா. பழைய துண்டுகளில் வில்லையின் ஓரத்துக்குக்கூட மை பூசியிருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்தில் செய்த வேலை அது. அந்தக் கை இப்போது அரிதாகிவிட்டது.

ஜூம் ஐபீஸ் பிரியர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒரே துண்டில் 8 முதல் 24 வரை வசதிதான். ஆனால் வானம் அகலமாக வேண்டிய 24-இலேயே அதன் பார்வைப் புலம் 40 பாகை அளவுக்குச் சுருங்கிப்போகிறது. ப்ளாசல் 50-ஐ விடாது. மலிவான 66 பாகைக்காரர்கள் எஃப்/8 குழாயில் நன்றாகவே நடந்துகொள்வார்கள். எஃப்/5-இல் விளிம்பு நட்சத்திரங்கள் காக்கைச் சிறகு விரிக்கும். பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருப்பதை நம்புகிறவர்களிடம்தான் வருத்தம். 4 மி.மீ.யும் உருப்பெருக்கத்தைக் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ வில்லையும் சேர்ந்தால் கணக்கு வரும், காட்சி வராது. 114 மி.மீ. துளைக்கு 200-ஐத் தாண்டுவதே அபூர்வ இரவுகளில்தான். 25-உடன் ஒரு 15-ம் நல்ல இரண்டு மடங்கு பார்லோவும் வாங்கிக்கொள்ளுங்கள். 36, 60, 72, 120. வியாழனின் பட்டைகளுக்கும் சனியின் வளையத்துக்கும் இது போதும், கண்ணும் வில்லையில் முட்டாது.

ஃபில்டருக்கு வருவோம். ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் பெட்டியோடு வந்திருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலில் அது வெடிக்கும், கண் போய்விடும். சூரியனை மறைக்கும் தாள் குழாயின் வாயில்தான் இருக்க வேண்டும். நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு ஒளியை விடும் நிலா ஃபில்டர் வளர்பிறை பத்தாம் நாளுக்கு மேல் சுகமாக இருக்கும், இல்லாவிட்டாலும் குடி முழுகாது. வண்ணக் கண்ணாடிகளை மொத்தமாகக் கட்டி விற்பார்கள். அதில் 80ஏ நீலம் வியாழனின் பட்டைகளைக் கொஞ்சம் எடுத்துக் காட்டும், மற்றவை இழுப்பறைக்கு. காசு கொடுக்கத் தகுந்தது யூஹெச்சி ஒன்றுதான். 496, 501 நானோமீட்டரில் வரும் ஆக்சிஜன் ஒளியை விட்டு மற்றதில் பெரும்பகுதியை அடைக்கும். நெபுலாவுக்கு மட்டும்தான், நட்சத்திரக் கொத்துக்கு உதவாது. 'தெருவிளக்கு ஃபில்டர்' என்று விற்பது சோடியம் விளக்குக் காலத்துச் சரக்கு. மஞ்சள் பட்டையை வெட்டினால் வானம் கறுத்தது. எங்கள் தெருவில் வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகு வெட்டுவதற்குத் தனிப் பட்டை எதுவும் இல்லை, நிறமாலை முழுவதும் விளக்காகிவிட்டது.

மே மாத நடுவில் இரவு பத்து மணிக்கு, மதுரையிலிருந்து தெற்கே 32 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி நிற்கும். லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை. ஊருக்கு வெளியே, ஃபில்டர் எதுவும் போடாமல், 25-ஐச் செருகிக் குவியத்தை மெல்லத் திருகினால், ஈரத்துணியில் சிந்திய ரவை மாதிரி ஒரு வெண்மை தெரியும். ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் இருந்தால் ஓரத்து ரவை ஒவ்வொன்றாக மணியாகப் பிரியும். 15-ஐப் போட்டால் இன்னும் பிரியும்தான். நான் சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடி 25-க்கே வந்துவிடுவேன், சுற்றிலும் இருட்டு வேண்டும் என்பதற்காக.