காருக்கும் ஒரு வீடு வேண்டும்

நூல்: டிரைவிங் வைல் பிளாக் (ஆங்கிலம்)
ஆசிரியர்: கிரெட்சன் சோரின்
வெளிவந்த ஆண்டு: 2020

அறிவியல் தந்த கருவி எல்லோருக்கும் ஒரே பயனைத் தருகிறதா? மோட்டார் காரைக் கொண்டு இதை ஆராய விரும்புவோர் இந்நூலைப் படிக்க வேண்டும். 'கறுப்பராக இருந்துகொண்டு வண்டி ஓட்டுதல்' என்பது தலைப்பின் பொருள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம். கறுப்பராக இருப்பதும் குற்றம்போலும் என்று அமெரிக்கக் கறுப்பின மக்கள் கசப்போடு சொல்லும் தொடர் இது.

தென் மாநிலங்களில் பஸ்ஸிலும் ரயிலிலும் அவர்களுக்குத் தனி இருக்கை இருந்தது. அந்த அவமதிப்பிலிருந்து தப்பச் சொந்தக் கார் உதவியது. ஆனால் வழியில் உணவும் தங்குமிடமும் மறுக்கப்பட்டன. எனவே ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், அவர்களை ஏற்கும் விடுதிகளைத் தொகுத்து 1936இல் 'கிரீன் புக்' என்னும் கையேட்டை வெளியிட்டார். எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களிலும் அது கிடைத்தது. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் நடந்த மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பு நிலைத்ததற்கும், மக்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற சுமார் 300 கார்கள் பெருந்துணையாயின.

காரை வெறும் இயந்திரமாகக் காணாமல் உரிமைப் போராட்டத்தின் கருவியாகக் காட்டுவது நூலின் சிறப்பு. ஆனால் இது பெட்ரோல் காரின் கதை. அதே பாடத்தை மின்காருக்கும் அப்படியே பொருத்தினால் தவறிவிடுவோம். காரணம் எளிது.

பெட்ரோல் கார் இரவில் எங்கு நின்றால் என்ன? ஐந்து நிமிடத்தில் டாங்க் நிரம்பிவிடும். மின்கார் அப்படியன்று. அமெரிக்க வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண பிளக் 120 வோல்ட் அழுத்தத்தில் 12 ஆம்பியர் தரும். அதாவது ஏறத்தாழ 1.4 கிலோவாட். இரவில் 8 மணி நேரம் மின்னேற்றினால் சுமார் 11 யூனிட் சேரும். மறுநாள் 60 கிலோமீட்டர் ஓட அது போதும். சொந்த வீடும் வண்டி நிறுத்த இடமும் உள்ளவருக்கு இது சுலபம், மலிவும்கூட. வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்து காரைத் தெருவில் நிறுத்துபவர் பொது நிலையத்தை நாட வேண்டும். விரைவு மின்னேற்றத்திற்கு அங்கே வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க நேர்வதுண்டு.

இங்கேதான் பழைய அநீதி திரும்பி வருகிறது. 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டியது. அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. இன்றும் வெள்ளையர் குடும்பங்களில் 70 சதவீதத்துக்கு மேல் சொந்த வீட்டில் வாழ, கறுப்பினக் குடும்பங்களில் அது சுமார் 45 சதவீதமே. வீட்டுக் கடனில் விழுந்த கோடு இன்று மின்னேற்றத்திலும் விழுகிறது.

அரசு அளித்த உதவியும் இதை நேர் செய்யவில்லை. 2010 முதல் மின்கார் வாங்கியவர்க்கு 7,500 டாலர் வரை வரிக்கழிவு கிடைத்தது. ஆனால் 1,500 டாலர் வரி கட்டுபவருக்கு 1,500 மட்டுமே கழியும். மீதி அவர் கைக்கு வராது. வருமானம் மிகுந்தவர் முழுச் சலுகையும் பெற்றார். 2022ஆம் ஆண்டுச் சட்டம் பழைய மின்கார்களுக்கும் 4,000 டாலர் வரை சலுகை தந்தது. 2024 முதல் விற்பனை இடத்திலேயே அதைக் கழித்துக்கொள்ளவும் வழி செய்தது. நல்ல திருத்தம்தான். எனினும் 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு இச்சலுகைகள் முடிந்தன.

கார் வாங்கப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. அது நிற்கும் தெருவிலும் வாடகைக் குடியிருப்பிலும் மலிவான மின்சாரம் கிடைக்க வேண்டும். இல்லையேல் மின்கார் வீடுடையோரின் வாகனமாகவே நின்றுவிடும். சோரினின் நூல் இதைச் சொல்லவில்லை. ஆனால் இப்படிச் சிந்திக்க நம்மைத் தூண்டுகிறது. அதற்காகவே மாணவர்கள் இதைப் படிக்கலாம்.