ஒரு கையால் மடங்காத வண்டி

குழந்தையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலரை எல்லோரும் விரித்து நிறுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மெத்தை மெத்தென்று இருக்கிறதா, குடை எவ்வளவு தூரம் இறங்குகிறது, சக்கரம் சத்தமில்லாமல் உருளுகிறதா, கலர் அழுக்குத் தாங்குமா. எங்கள் மேல்மலையனூர் மாதிரி ஊரில் இருப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அது எப்படி மடங்குகிறது என்பதை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சில மாதங்களாக நான் தள்ளிக்கொண்டிருப்பது, ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆன்லைனில் வாங்கிய ஒரு வண்டி. கம்பெனி பேர் வேண்டாம். இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே ஜாடை. ஐந்து முனை பெல்ட், மூன்று நிலையில் சாயும் முதுகு, இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய கைப்பிடி, முன்னால் ஒரு தட்டு, அடியில் கூடை. எடை ஏழரை கிலோ. ‘பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை’ என்று பெட்டி மேலேயே போட்டிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் ‘மூன்று நொடியில் மடங்கும்’ என்று பெரிய எழுத்தில். அந்த மூன்று நொடிக்குத்தான் வருகிறேன்.

குறை சொல்வதற்கு முன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குள் இது நல்ல வண்டி. சிமெண்ட் ரோட்டில் இரண்டு நடை போய்வந்தால் பையன் தூங்கிவிடுகிறான். அத்தை முதலில் அதைத் தொடவே இல்லை. “இடுப்புல வச்சிக்க முடியாதவங்களுக்கு இன்னாத்துக்குப் புள்ள?” என்று ஒரு தடவை கேட்டார். இப்போது தெருமுனைக் கடைக்கு அவர்தான் தள்ளிக்கொண்டு போகிறார். பேரன் மேலே, மளிகை கீழே கூடையில். கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிய மறு நொடி, பையின் கனத்தில் வண்டி பின்பக்கமாகக் கவிழும். விலை உயர்ந்த வண்டிகளுக்கும் இந்தக் குணம் உண்டு.

தெருவைத் தாண்டினால் பஸ். எங்களுக்கு எதற்கும் செஞ்சிதான், வளத்தி வழியாக 20 கிலோமீட்டர் சொச்சம். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. வீட்டுக்காரர் லீவு போடட்டும் என்று காத்திருந்த காலம் போய், டாக்டரிடம் காட்டவோ துணி எடுக்கவோ நினைத்த நேரத்தில் பிள்ளையோடு கிளம்பிவிடுகிறோம். ஸ்ட்ரோலர் யாருக்காவது உதவவேண்டும் என்றால் இப்படித் தனியாகக் கிளம்புகிற பெண்ணுக்குத்தான் உதவவேண்டும்.

பஸ் தூரத்தில் தெரிந்ததும் நான் செய்யவேண்டியவை இவை. கூடையைக் காலி செய்யணும். தட்டைக் கழற்றணும். கைப்பிடி முன்பக்கம் திரும்பியிருந்தால் பின்னுக்குக் கொண்டுவரணும், இல்லாவிட்டால் மடங்காது. குடையைச் சுருட்டணும். பிறகு கைப்பிடியின் இரண்டு பக்கமும் இருக்கும் பூட்டுகளை ஒரே நேரத்தில் மேலே இழுத்து, பின் கம்பியைக் காலால் மிதித்து, முன்னால் தள்ளி, பக்கவாட்டுக் கொக்கியை மாட்டணும். இரண்டு பூட்டு, இரண்டு கை, ஒரு கால். பையன் எங்கே? இதற்குக் கம்பெனியிடம் பதில் இல்லை. அவர்கள் போட்டிருக்கும் வீடியோவில் நகப்பூச்சு போட்ட இரண்டு கைகள் அழகாக மடக்கிக் காட்டுகின்றன. அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை இல்லை, தோளில் பை இல்லை, பின்னால் டிரைவர் ஹாரன் அடிக்கவும் இல்லை. அப்படி மடக்கினால் மூன்று நொடி என்ன, இரண்டு நொடியிலேயே மடக்கலாம்.

தனியாகப் போகிறவளுக்காக விற்கப்படும் வண்டி, கூட ஒரு ஆள் இருந்தால்தான் மடங்குகிறது. எனக்கு அந்த ஆள் பெரும்பாலும் முகம் தெரியாத ஏதோ ஒரு ஆயா. ஒரு தடவை கண்டக்டரே இறங்கி வந்து, “புள்ளய இப்படிக் குடும்மா, நீ பொறுமையா மடக்கு” என்று வாங்கிக்கொண்டார். நல்ல மனசு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் வேலை செய்வதற்கு ஊராரின் நல்ல மனசை நம்பியிருக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல்.

இது தீராத சிக்கல் ஒன்றும் இல்லை. குடை போல மடங்கும் வண்டியே இதற்காகத்தான் பிறந்தது. இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர், இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, மாஸ்கோவிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள் கனத்த வண்டியோடு திண்டாடுவதைப் பார்த்தார். சக்கரத்தை மடக்கி விமான இறக்கைக்குள் செருகத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையா? அலுமினியக் குழாய்களை வைத்து, குடை போலச் சுருங்கும் வண்டி ஒன்றைச் செய்து 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவை ஒட்டித்தான். அதில் சாயும் முதுகு இல்லை, திரும்பும் கைப்பிடி இல்லை, தட்டு இல்லை. அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து மறுபடியும் ஏழு எட்டு கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மடக்கு மூட்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே மெக்லாரன் தொடங்கிய நிறுவனம் 2009-ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு கொடுத்தது. விரிக்கும்போது கீலுக்குள் பிள்ளைகளின் விரல் நுனி சிக்கித் துண்டானதாகப் புகார்கள் வந்திருந்தன. கீலை மூடும் உறைகளைக் கொடுத்துச் சரிசெய்தார்கள். அதனால் கடையில் வண்டியைப் பார்க்கும்போது கீல்கள் துணியாலோ பிளாஸ்டிக்காலோ மூடியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். என் வண்டியில் மூடியிருக்கிறது. அதற்கு ஒரு கும்பிடு. இருந்தாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை பக்கத்தில் நிற்கக்கூடாது.

அடுத்து அந்தத் திருப்பும் கைப்பிடி. பிள்ளை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்று இதற்குத்தான் விளம்பரத்தில் அதிக இடம். சுழலும் சக்கரங்கள் முன்னாலும், சுழலாத சக்கரங்கள் பின்னாலும் இருக்கும்படிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். கைப்பிடியைத் திருப்பினால் இது தலைகீழாகிறது. சுழலாத சக்கரங்கள் முன்னே போக, சுழல்பவை நம் காலடியில் கிடந்து இஷ்டத்துக்கு ஆடும். வளைவில் திருப்ப வண்டியைத் தூக்கித்தான் திருப்பவேண்டும். நான்கு சக்கரமும் சுழன்று, எந்த இரண்டை வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும்படி செய்தால் ஓரளவு சரியாகும். அப்படிச் செய்த வண்டிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் குனிந்து பூட்டு மாற்றவேண்டும். நான் கைப்பிடியைத் திருப்புவதையே விட்டுவிட்டேன். அந்தக் கூடுதல் கம்பியின் கனத்தை மட்டும் சுமக்கிறேன்.

செஞ்சிக் கோட்டைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தோம். மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போகவேண்டியிருக்கிறது. ராஜகிரி உச்சி 800 அடிக்குப் பக்கம். அங்கே எந்த வண்டியும் ஏறாது, அதை யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். கீழே கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம் இருக்கும் பகுதியில் புல்லும் மண்ணுமாக இருக்கும் இடங்களில் ஓடியது. சரளைக்கல் வந்த இடத்தில் முன் சக்கரம் குறுக்கே திரும்பி அடம் பிடித்தது. கை அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் சக்கரத்துக்கு அவ்வளவுதான். முன் சக்கரத்தின் சுழற்சியைப் பூட்டிவிட்டு, கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தை லேசாகத் தூக்கியபடி தள்ளினால் போகும். படி வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கவேண்டியதுதான்.

வெயில் விஷயம் இதைவிட முக்கியம். குடை போதவில்லை என்று துப்பட்டாவை மேலே போட்டு மூடுகிறோம், எல்லா அம்மாக்களும் செய்வதுதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். உலர்ந்த துணியால் மூடினால் வண்டிக்குள் சூடு ஏறுகிறது; மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் போட்டால் இறங்குகிறது, கூடவே ஒரு சின்ன விசிறி ஓடினால் இன்னும் இறங்குகிறது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. துணி காயக் காய நனைக்கவேண்டும், காற்று போக வழி விடவேண்டும்.

எங்கள் ஊர்க் கோயிலின் அமாவாசை இரவுக்கு வண்டியைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து அங்காளம்மனைக் கும்பிட வருபவர்கள் குழந்தைக்கு மொட்டை அடிக்க, காது குத்த வண்டியோடு வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். ஊஞ்சல் உற்சவ நேரத்தில் கோயிலைச் சுற்றி கால் வைக்க இடம் இருக்காது. மாசி மாத மயானக் கொள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் முழங்கால் உயரத்தில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போவது ஆபத்து. பின்னால் வருபவருக்கு வண்டி தெரியவே தெரியாது. தோளில் கட்டும் கேரியரோ புடவையோ போதும். வண்டியைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். அமாவாசை இல்லாத நாளில், பகலில், தாராளமாகக் கொண்டுபோகலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? முதல் ஆறு மாதத்துக்கு எதுவும் வேண்டாம் என்பேன். கழுத்து நிற்காத குழந்தை கிட்டத்தட்டத் தட்டையாகப் படுக்கவேண்டும். இந்த விலை வண்டிகளில் பலவற்றின் ‘படுக்கை நிலை’ முழுக்கத் தட்டையானது இல்லை. நம் வீடுகளில் தூளி இருக்கிறது, தூக்க நாலு பேர் இருக்கிறார்கள். ‘பிறந்த நாள் முதல்’ என்ற வரிக்காகக் கொடுக்கும் காசும், அதற்காகச் சேரும் கனமும் நமக்கு வீண். பிள்ளை தானாக உட்காரத் தொடங்கியதும் ஐந்து, ஆறு கிலோவுக்குள், மூன்றாக மடிந்து சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கும் ஒரு வண்டியை வாங்குங்கள். பத்தாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது. திருப்பும் கைப்பிடி, தட்டு, பாட்டு பாடும் பொம்மை எதுவும் இல்லாதது. ஐந்து முனை பெல்ட்டும், இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒற்றை பிரேக்கும் மட்டும் கட்டாயம். மடங்கியபின் தானாக நிற்கவேண்டும், பஸ் சீட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்க. வீட்டுக்காரரின் எக்ஸ்எல் மொபெட்டில் காலுக்கு நடுவே இருக்கும் இடத்திலும் அது நிற்கும். என் ஏழரை கிலோ அங்கே நுழையாது.

கடையில் வாங்குவதாக இருந்தால் பத்து கிலோ அரிசிப் பை ஒன்றை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மடக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் அவரையும் அப்படியே செய்து காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் எடுத்து வைத்து, திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வளத்தி வரைக்குமாவது ஒரு தடவை பஸ்ஸில் தனியாக ஏறி இறங்கிவிடுங்கள்.