துவக்கும் சட்டமும்: ஒரு மதிப்பீடு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில், நிலாவெளியைக் கடந்ததும் வருவது இறக்கக்கண்டி. கடலும் களப்பும் சூழ்ந்த இச்சிற்றூருக்குத் தெற்கே, நிலாவெளிக் கரைக்கு அப்பால், புறாத்தீவு அமைந்துள்ளது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அத்தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக் களமாகப் பயன்பட்டது. 1963இல் அது சரணாலயமாயிற்று. 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சுடுகளம் ஒன்று புறாக்களின் புகலிடமாக மாறுதற்கு நல்லெண்ணம் மட்டும் போதியதன்று. சட்டமும் அதனைக் காக்கும் ஏற்பாடும் வேண்டியிருந்தன. ஆயுதமும் சட்டமும் பற்றிய விவாதத்தை இக்கரையில் நின்று நோக்குவது பயனுடையதாகும்.

இவ்விவாதம் இன்று பெரிதும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் விவாதமாகவே உலகுக்கு அறிமுகமாகியுள்ளது. 1791இல் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாந் திருத்தம் ஆயுதந் தாங்கும் உரிமையைப் பேசுகின்றது. ஒழுங்கமைந்த குடிப்படையைக் கருதி எழுந்த அவ்வாசகம் தனிமனித உரிமையையே குறிக்கும் என 2008இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் சாண்டி ஹூக் பாடசாலையில் இருபது சிறுவரும், 2022இல் உவால்டே பாடசாலையில் பத்தொன்பது சிறுவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2021ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்தோர் 48,000க்கு மேற்பட்டோர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். எனினும் விவாதம் இரண்டு கோஷங்களுக்கிடையே சிக்குண்டு கிடக்கின்றது. கொல்வது துவக்கன்று, மனிதனே என்பது ஒன்று. சட்டத்தை இறுக்கினால் யாவும் சரியாகிவிடும் என்பது மற்றையது. இவ்விரண்டையும் உரைத்துப் பார்ப்பதற்கு இலங்கையின் அனுபவமே தக்க உரைகல்லாகும்.

முதலாவது கூற்று மேலோட்டமாக நியாயமானது போலத் தோன்றும். கருவிக்கு மனமில்லை என்பது உண்மையே. ஆயின் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அக்காலத்தில் கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1998இல் மேலுமொன்று தடைசெய்யப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நஞ்சருந்தி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை அவ்வாறு குறையவில்லை. இறந்தோர் தொகையே குறைந்தது. மனிதரின் துயரமும் சினமும் அப்படியே இருக்க, அவற்றின் விளைவு மட்டும் மாறியது. கணநேர உணர்ச்சிக்கும் மீளாத முடிவுக்கும் இடையே இருக்கும் தூரத்தைச் சட்டம் நீட்ட முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கொல்வது மனிதனே என்போர் இத்தூரத்தைக் கணக்கிலெடுப்பதில்லை.

அவ்வாறாயின் இரண்டாவது கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதோ? அன்று. இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டுக்குரியது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்திற்கு மறு ஆண்டு பிறந்தது. இங்கு துவக்கு உரிமையன்று, அனுமதி மாத்திரமே. ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படல் வேண்டும். பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விரும்பும் கமக்காரன் கச்சேரிப் படியேறியே அதனைப் பெற வேண்டும். அனுமதியின்றிக் காடோரங்களிற் கட்டப்படும் கட்டுத்துவக்குகள் வழிப்போக்கரின் கால்களைச் சிதைப்பதுண்டு. அதனை இச்சட்டம் முற்றாக ஒழித்ததில்லை. எனினும் குடிமக்களிடம் துவக்கு மலியாமற் காத்தது என்ற அளவில் அது வெற்றி பெற்றதென்றே கூறவேண்டும்.

ஆனால் இத்தனை இறுக்கமான சட்டம் நிலவிய நாட்டிலேயே பல்லாயிரவர் சுடப்பட்டு இறந்தனர் என்பதை எவ்வாறு விளக்குவது? விடை வெளிப்படையானது. அத்துவக்குகளிற் பெரும்பாலானவை கச்சேரிப் படியேறி வந்தவையல்ல. ஒரு புறம் இயக்கங்கள் அவற்றைக் கடல்வழியாகவும் பிறவழிகளாலும் கொணர்ந்தன. மறுபுறம் அரசே அவற்றை வழங்கியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து எல்லைக் கிராமத்தவருக்கு ஊர்காவற்படை என்ற பெயரில் ஆயுதங்கள் கொடுக்கப்பட்டன. ஆயுதமற்ற ஊர் அழிந்துபோகும், ஆயுதமுள்ள ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அமெரிக்காவில் ஆயுத உரிமைக்காக வாதிடுவோர் கூறும் நியாயமும் இதுவே.

அந்நியாயத்தை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். 1996 பெப்ரவரி 11ஆம் நாள் திருகோணமலை மாவட்டத்தின் குமரபுரத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் இறந்தோர் கையில் ஆயுதமில்லை. ஆயுதமிருந்திருந்தால் என்ற ஏக்கம் இயல்பானதே. ஆயின் ஆயுதம் பெற்ற ஊர்களின் கதை என்ன? அவை தாக்குதலுக்குத் தப்பவில்லை. மாறாக, ஒரே களப்பில் வலைவீசியவரும் ஒரே சந்தையிற் பண்டமாற்றியவரும் ஒருவரையொருவர் ஐயுறத் தலைப்பட்டனர். அயலவன் கையிலிருக்கும் துவக்கு யாரைக் காக்க என்று கேளாமல், யாரைச் சுட என்று கேட்கும் நிலை உருவாயிற்று. காப்புக்கெனக் கொடுத்தது பகைக்கு வித்தாயிற்று.

எனவே துவக்கை யார் வைத்திருக்கிறார் என்ற வினா மட்டும் போதாது. யார் கொடுத்தார், யார் கணக்குக் கேட்டார் என்ற வினாக்களும் எழுதல் வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் எனக் கூறப்பட்டபோது, அவர்தம் உடல்களிற் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் புகைப்படங்கள் வாயிலாக வெளிக்கொணர்ந்த செய்தியாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் நாள் தாமும் சுடப்பட்டு இறந்தார். மாணவர் கொலை தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 2019இல் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டனர். குமரபுர வழக்கில் எதிரிகளாயிருந்த முன்னாட் படையினர் அறுவரும் 2016இல் விடுதலையாயினர். கமக்காரனின் ஒற்றைக் குழல் துவக்குக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் சட்டம், இச்சன்னங்களுக்குக் கணக்குக் கேட்டு முடிக்கவில்லை. குறை சட்டத்தின் கடுமையிலன்று. அதன் ஒருகண் பார்வையிலேயே உள்ளது.

இக்குறை கடந்தகாலத்துக்கு மட்டும் உரியதன்று. தற்காப்புக்கெனக் குடிமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024இன் பிற்பகுதியிற் பணித்தது, அது வரவேற்கத்தக்கது. ஆயின் 2025 பெப்ரவரி 19ஆம் நாள் கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தினுள்ளேயே, குடையப்பட்ட நூலொன்றுள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டநூலின் தோற்றத்தில் துப்பாக்கி நீதிமன்றம் புகுந்தமை, ஏட்டளவில் நிற்கும் சட்டத்தின் வெறுமைக்குத் தானே அமைந்த குறியீடு எனலாம்.

சுருங்கக் கூறின், அமெரிக்க அனுபவம் சட்டம் தளர்ந்தால் நேர்வதைக் காட்டுகின்றது. இலங்கை அனுபவம் சட்டம் எளியவன் பக்கம் மட்டும் இறுகினால் நேர்வதைக் காட்டுகின்றது. முன்னதை மட்டும் கண்டு நம் நாட்டுச் சட்டத்தை மெச்சுவோரும், பின்னதை மட்டும் கண்டு சட்டமே வீணென்போரும் பாதி உண்மையையே பேசுகின்றனர். வைத்திருப்பவனிடம் கேட்கும் கணக்கு, கொடுத்தவனிடமும் சுட்டவனிடமும் கேட்கப்படும் நாளிலேயே ஆயுதக் கட்டுப்பாடு என்னும் சொல் முழுப் பொருள் பெறும். புறாத்தீவு ஒருகாலத்திற் சுடுகளமாயிருந்தது என்பதை இன்று அங்கு செல்வோர் பலர் அறியார். அத்தகைய மறதி ஒரு தீவுக்கு வாய்க்கலாம். கணக்கு முடியாதவரை, அதன் எதிரேயுள்ள கரைக்கு அது வாய்க்காது.