இயங்கும் பிரதி: யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை முன்வைத்து

பழைய படைப்பொன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்கிற கேள்வி நம் விமர்சனத்தில் தீராமல் கிடக்கிறது. பிரதி போதும், அது தன்னளவில் பூரணமானது என்பது ஒரு கட்சி. பிரதி பிறந்த சூழல் அத்தனையும் வேண்டும், இல்லாவிட்டால் கையில் இருப்பது சக்கை என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் பொதுவான ஒரு சௌகரியம் உண்டு. கவிதையையோ நாவலையோ வைத்துக்கொண்டு பேசும்வரை எந்தக் கட்சியும் தோற்றுவிட முடியாது. ரஸனை வேறு, அபிப்பிராயம் வேறு என்று நழுவிவிடலாம். நழுவ முடியாத ஒரு உதாரணத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1975 மே மாதம் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு. அது ஒரு கணினி இயங்குதளம். அதை இன்றைய கணினி ஒன்றுக்குள் மெய்நிகர் இயந்திரம் எழுப்பி நிறுவிப் பார்த்ததில் எனக்குத் தெரியவந்தவை இலக்கியக்காரர்களுக்கும் உரியவை என்று படுகிறது.

யூனிக்ஸ், நியூ ஜெர்ஸியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ல் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய காரியம். 1973ல் பெரும்பகுதி 'சி' மொழியில் திருப்பி எழுதப்பட்டது. ஆறாம் பதிப்பு பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு போய்ச் சேர்ந்தது. இதை ஒரு 'பிரதி' என்று நான் சொல்வது உருவகமாக அல்ல. சிட்னியில் நியூ ஸௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ், இதன் உட்கருவின் சுமார் 9,000 வரிகளை வரி எண்களோடு அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தார். கூடவே 1977ல் தனியாக ஒரு உரையும் எழுதினார். மூலம் ஒரு கட்டு, உரை ஒரு கட்டு. நமக்குப் பழகிய ஏற்பாடுதான். 1979ல் ஏழாம் பதிப்பு வந்தபோது உரிம நிபந்தனை மாறியது. மூலநிரலை வகுப்பில் பாடமாக வைப்பது தடைபட்டது. அதன்பின் லயன்ஸின் உரை ஒளிநகலாக, ஒளிநகலின் ஒளிநகலாக, எழுத்துகள் மங்கிக் கரைகிற நிலைவரை கை மாறியது. முறையான புத்தகமாக வெளிவர 1996 ஆயிற்று. லயன்ஸ் 1998ல் இறந்தார். நூறு பேர் படித்து ஆயிரம் பேரைப் பாதிக்கிற எழுத்து எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நிறுவுதல். ஆறாம் பதிப்பு ஓட வேண்டிய இடம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பி.டி.பி.-11/40. அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு கட்டளையையும் இன்றைய கணினியில் நடித்துக்காட்டுகிற நிரல் ஒன்று உண்டு: ஸிம்ஹெச். அதே நிறுவனத்தில் பணியாற்றிய பாப் ஸப்னிக் 1993ல் தொடங்கியது. இதில் காந்த நாடா என்பது ஒரு கோப்பு. ஆர்.கே.05 வட்டு இன்னொரு கோப்பு, சுமார் இரண்டரை மெகாபைட். நாடாவிலிருந்து இயந்திரத்தை எழுப்பினால் ஒரு சமக் குறி வந்து நிற்கிறது. நாடாவிலிருந்து வட்டுக்கு நகலெடுக்கிற சிறுநிரலின் பெயரைத் தட்டினால் மூன்று கேள்விகள்: வட்டில் எங்கிருந்து, நாடாவில் எங்கிருந்து, எத்தனை. மூன்றுக்கும் எண்களே பதில். முதல்முறை 0, 100, 1. இரண்டாம்முறை 1, 101, 3999. பிறகு வட்டிலிருந்து எழுப்பினால் '@' என்று ஒரு குறி. உட்கருவின் பெயரைத் தட்டியதும் பெயர் கேட்கிறது. உள்ளே போய்விட்டோம். நேரம் கேட்டால் வட்டில் கடைசியாகப் பதிந்த நேரத்தை நிகழ்காலம் என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. திருத்திக் கொடுக்கும்வரை அதற்கு நடுவில் வருஷங்கள் கழியவில்லை.

இங்கே சொல் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். 1974ல் போபெக்கும் கோல்ட்பெர்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கு வகுத்த இலக்கணத்தின்படி, உள்ளே ஓடும் கட்டளைகளில் பெரும்பாலானவை அசல் செயலியிலேயே நேராக ஓட வேண்டும். ஸிம்ஹெச்சில் ஒன்றுகூட அப்படி ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் படித்துப் பொருள்கொள்ளப்பட்டுப் பிறகே நிகழ்கிறது. ஆகவே இது கறாரான அர்த்தத்தில் பாவனை இயந்திரம். இந்தப் பேதம் என் வாதத்துக்கு முக்கியம். ஏனெனில் இங்கே 'இயங்குதல்' என்பதே இடைவிடாத வாசிப்பாக இருக்கிறது.

முதலில் பிரதிக் கட்சி. லயன்ஸின் பதிப்பில் 2238வது வரி உலகப் பிரசித்தம். கணினி ஒரு செயல்முறையை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிற இடம் அது. சில வரிகள் விளக்கிவிட்டு, இதை நீ புரிந்துகொள்வாய் என்று எதிர்பார்க்கவில்லை என்கிற அர்த்தத்தில் ஒரு குறிப்பு அங்கே நிற்கிறது. படிக்கிறவனை அவமதிக்கிற திமிர் என்று இதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். பரீட்சையில் இது வராது என்று ஆசிரியர் சொல்கிற தொனியில்தான் எழுதப்பட்டது என்று ரிட்சி பின்னாளில் விளக்கினார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார்: அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கே புரிந்திருக்கவில்லை என்று. அந்த இடத்தில் 'திரும்பு' என்கிற கட்டளை, தன்னை அழைத்த இடத்துக்குத் திரும்பாமல், வேறொரு செயல்கூறு எப்போதோ தன் நிலையைச் சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்புகிறது. இது நடப்பதற்குக் காரணம் பி.டி.பி.-11ன் 'சி' மொழிமாற்றி எல்லாச் செயல்கூறுகளுக்கும் ஒரே விதமாகச் சேமித்து ஒரே விதமாகத் திரும்பியதுதான். பிறகு இன்டர்டேட்டா என்ற வேறு இயந்திரத்துக்கு யூனிக்ஸைக் கொண்டுபோனபோது, அங்கே திரும்பும் விதம் செயல்கூறுக்குச் செயல்கூறு மாறியது. உத்தி உடைந்தது. முறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த வரிகளை எத்தனை தடவை எத்தனை நுட்பமாக வாசித்தாலும் அவை ஏன் சரியாக ஓடுகின்றன என்பதற்கு வரிகளுக்குள் விடை கிடையாது. விடை, எழுதியவர்கள்கூட எழுதாமல் நம்பியிருந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது. பிரதி தன்னளவில் பூரணம் என்பவர்கள் இந்த இடத்தில் வாய்மூட வேண்டியதுதான். நல்ல கவிதைகளிலும் 2238வது வரிகள் உண்டு. ஒரு காலத்தின் காது சொல்லாமலே பூர்த்தி செய்துகொண்ட இடங்கள் அவை. அந்தக் காது போனதும் அதே வரி, எழுத்து மாறாமல், வேறு எங்கோ போய்த் திரும்புகிறது. நாம் அதை 'இருண்மை' என்று பெயரிட்டு வியக்கிறோம்.

சூழல் கட்சிக்கு இது வெற்றியா என்றால் இல்லை. ஸிம்ஹெச் பி.டி.பி.-11ன் அலமாரியைக் கொண்டுவரவில்லை. இரைச்சலை, சூட்டை, குளிரூட்டிய அறையை, வட்டு சுழலும் ஒலியைக் கொண்டுவரவில்லை. 1974ல் தாம்ப்ஸனும் ரிட்சியும் தங்கள் கட்டுரையில் 40,000 டாலர் செலவுள்ள இயந்திரத்திலேயே யூனிக்ஸ் ஓடும் என்று சிக்கனத்துக்கு உதாரணமாகச் சொன்னார்கள். அந்த விலையையும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது பதிவகங்கள், நினைவக முகவரிகள், இடையீடுகள், கட்டளைகளின் பொருள் ஆகியவற்றை மட்டும். அது போதுமானதாக இருக்கிறது. 2238வது வரி ஸிம்ஹெச்சில் சரியாகத் திரும்புகிறது. ஆகவே சூழல் என்று மொத்தமாக ஒரு மூட்டை கிடையாது. பிரதி எதன்மேல் காலூன்றி நிற்கிறதோ அந்த அளவு சூழல்தான் பிரதிக்குச் சூழல். மற்றது வாழ்க்கை வரலாறு. கவிஞர் எந்த ஊர் ஹோட்டலில் காபி குடித்தார் என்பதை ஆய்வு என்று அச்சேற்றுகிறவர்கள் இந்தப் பேதத்தைச் சற்று யோசிக்கலாம்.

ஆனால் பாவனை பிசகுகிற இடம் ஒன்று உண்டு. நான் இதை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

ஆறாம் பதிப்பு பேசுகிற விதம் பிரத்யேகமானது. கட்டளைகள் இரண்டெழுத்தில் முடிகின்றன. நகலெடு, நகர்த்து, பட்டியலிடு எல்லாம் மெய்யெழுத்து எலும்புகளாக நிற்கின்றன. சொன்னது நடந்துவிட்டால் பதிலே கிடையாது. 'எட்' என்கிற பதிப்பியில் என்ன தவறு நேர்ந்தாலும் ஒரு கேள்விக்குறி மட்டும் வருகிறது. இன்றைய திரையில் இதைப் பார்க்கிறவனுக்கு ஒரு ஜென் துறவியின் தோரணை தெரியும். தெரிந்து மயங்கியவர்கள் ஏராளம். அன்றைக்கு எதிரே இருந்தது திரை அல்ல. காகிதச் சுருளில் தட்டச்சிடுகிற டெலிடைப் மாடல் 33. அது விநாடிக்கு பத்து எழுத்து அடித்தது. நாற்பது எழுத்தில் ஒரு பிழைச் செய்தி என்றால் நான்கு விநாடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குறி ஒரு கருணை. அழிக்கும் முறையும் அப்படித்தான். காகிதத்தில் விழுந்த எழுத்தை எடுக்க முடியாது. ஆகவே '#' தட்டினால் முந்தைய எழுத்து ரத்து, '@' தட்டினால் வரி முழுவதும் ரத்து. பிழை கண்ணெதிரே அப்படியே கிடக்கும், அதன்மேல் தீர்ப்பு மட்டும் எழுதப்படும். ஸிம்ஹெச்சில் இவை அத்தனையும் அப்படியே நடக்கின்றன. ஆனால் திரையில், கண்ணிமைக்கும் வேகத்தில். காரணம் போய்விட்டது, காரியம் நிற்கிறது. நடை என்று இருந்தது பாணியாகிவிட்டது.

எல்லாச் சுருக்கத்துக்கும் இதே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்று இரண்டெழுத்தாக இருக்கிற அடைவு மாற்றும் கட்டளை ஆறாம் பதிப்பில் ஐந்தெழுத்து. அதன் சுருக்கம் அடுத்த பதிப்பில்தான் வந்தது. நெருக்கடி மட்டுமே நடையை உண்டாக்குவதில்லை, ரஸனையும் பழக்கமும் சேர்கின்றன. ஆனால் நெருக்கடியை நீக்கிவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொள்கிறபோது நமக்குக் கிடைப்பது என்ன என்பதே கேள்வி.

புதுக்கவிதையின் இறுக்கம் நம்மிடையே இன்று எந்த நிலையில் இருக்கிறது? யாப்பை நிரப்புவதற்காக வந்து உட்கார்ந்த அடைசொற்களுக்கு எதிராக ஒரு தலைமுறை சொற்களை வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் எதிரே தடித்த ஏதோ ஒன்று இருந்தது. இன்று எதிரே எதுவும் இல்லை. காகிதம் கூட இல்லை. ஆனாலும் வரிகள் அதே இடங்களில் ஒடிகின்றன, அதே மௌனம் அதே இடைவெளியில் வருகிறது. இது டெலிடைப் இல்லாத கேள்விக்குறி. சுருக்கமாக எழுதுகிறவனைப் பார்த்து, எதைக் காப்பாற்றுவதற்காக இதைச் சுருக்கினாய் என்று கேட்கிற துணிச்சல் விமர்சனத்துக்கு வேண்டும்.

இந்த மாதிரி நிறுவுதல் எல்லாம் பிணத்துக்கு மூச்சுக்காட்டுகிற வேலை என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பி.டி.பி.-11 எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஓடுகிற பாவனை சொல்லும், தன் போதாமையையும் சேர்த்து. டெலிடைப்பின் நான்கு விநாடியை நான் யோசிக்க நேர்ந்ததே திரையில் அது இல்லாததால்தான். இதைச் சாத்தியமாக்கியவர்கள் நாடாக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த தனிமனிதர்கள். பழைய யூனிக்ஸ் பதிப்புகளைச் சட்டப்படி யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமம் கால்டெரா நிறுவனத்திடமிருந்து 2002ல்தான் வந்தது. அதற்கு முன்பே அவர்கள் சேகரித்து முடித்திருந்தார்கள்.

நமது பழைய சிறுபத்திரிகைகள் தொகுக்கப்படுகின்றன, வழவழப்பான தாளில் மறுபதிப்பாகின்றன, மின்கோப்புகளாகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் நாடாவை வட்டுக்கு மாற்றியதோடு நிறுவுதல் முடிந்துவிடுவதில்லை. அந்தப் பக்கங்கள் எதன்மேல் காலூன்றி நின்றன, எந்தத் தடிப்புக்கு எதிரே மெலிந்தன என்று சொல்கிற உரை வேண்டும். லயன்ஸ் தன் உரையில் நிரலுக்குள் நுழையுமுன்பே பி.டி.பி.-11ன் அமைப்பைச் சொல்லிவிடுகிறார். அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்கிறவனுக்கு 9,000 வரிகளும் ஊமை. நம்மிடம் முன்னுரைகள் நிறைய இருக்கின்றன. பாராட்டுரைகள் இன்னும் நிறைய. இயந்திரத்தைச் சொல்கிற உரை இன்னும் எழுதப்படவில்லை.