கேப்டன் அமெரிக்கா பைக்கை யார் செய்தது? – ‘ஈஸி ரைடர்’ படமும் ஒரு செகண்ட் ஹேண்ட் சிக்கலும்

1969-இல் வந்த ‘ஈஸி ரைடர்’ பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சுதந்திரம், ஹிப்பி, நெடுஞ்சாலை என்ற மூன்று வார்த்தைகளையே சுற்றி வருவார்கள். நான் எழுத வந்தது வேற விஷயம். படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டுகிற, பெட்ரோல் டேங்கில் அமெரிக்கக் கொடி வரைந்த ‘கேப்டன் அமெரிக்கா’ ஒரு செகண்ட் ஹேண்ட் கஸ்டம் பைக். அதை ஒரு பழைய வண்டியாக மட்டும் பார்த்தால், படத்தில் இல்லாத ஒன்று கண்ணில் படுகிறது. என் விமர்சனம் அதைப் பற்றித்தான்.

முதலில் வண்டி. அது 1950-களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஹார்லி டேவிட்சன் ஹைட்ரா கிளைட் வகை. பேன்ஹெட் எஞ்சின், பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது (ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின் சஸ்பென்ஷன் வந்ததே 1958-இல்தான்). போலீஸ் உபயோகித்துக் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து மாற்றியதாகத்தான் எல்லாப் பதிவுகளும் சொல்கின்றன. கழுத்தை அறுத்துச் சாய்வைக் கூட்டி, முன் ஃபோர்க்கை நீட்டி, ஃபிரேமுக்குக் குரோம் பூசி, முன் பிரேக்கையே எடுத்துவிட்டார்கள். தேவையில்லாததை எல்லாம் வெட்டி எறிவதால்தான் இந்த வகைக்கு சாப்பர் என்று பேர். சாதாரண போலீஸ் வண்டி இப்படித்தான் உலகத்தின் மிகப் பிரபலமான பைக் ஆனது.

இதைச் செய்தது யார்? லாஸ் ஏஞ்சலஸில் கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் பட்டறை வைத்திருந்த பென் ஹார்டி. கூட வேலை பார்த்தவர் கிளிஃப் வாஸ். இவர் 1960-களில் தெற்கு மாநிலங்களில் சிவில் உரிமைப் போராட்டங்களில் இறங்கி வேலை செய்தவர். இரண்டு பேருமே கருப்பினத்தவர்கள். வடிவமைப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஃபோண்டா ஒன்று சொல்வார், வாஸ் ஒன்று சொல்வார். ஆனால் பட்டறையில் கை வைத்தவர்களில் ஹார்டி இருந்தார் என்பதில் தகராறு இல்லை. படத்தின் டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் கிடையாது.

‘அந்தக் காலத்தில் எல்லா டெக்னீஷியனுக்கும் டைட்டிலில் இடம் கொடுக்க மாட்டாங்க’ என்று சொல்லலாம். சரிதான், 1969-இல் டைட்டில் கார்டுகள் இப்போது போல நீளம் இல்லை. ஆனால் இந்தப் படத்தில் பைக் வெறும் செட் பிராப்பர்ட்டி இல்லை. நாயகனின் பட்டப்பெயரே பைக்கின் பெயர்தான். போதைப்பொருள் விற்ற பணத்தைச் சுருட்டி ஒளித்து வைப்பதும் அந்தக் கொடி வரைந்த டேங்கில்தான். கடைசிக் காட்சியில் எரிந்து போவதும் அதுதான். கதையின் பாதியைச் சுமக்கிற பொருளைச் செய்தவருக்கு ஒரு வரி கொடுக்கவில்லை என்றால், அதற்கு டைட்டில் நீளத்தைக் காரணம் சொல்ல முடியாது.

படத்துக்குள்ளேயும் இதே கதைதான். ஒரு பண்ணையில் இரண்டு பேரும் பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றிச் சரி செய்கிறார்கள். அதே ஃபிரேமில் பண்ணைக்காரர் குதிரைக்கு லாடம் அடிக்கிறார். ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் எடுத்த நல்ல காட்சி. கைவேலைக்கு மரியாதை செய்கிற காட்சியும்கூட. ஆனால் அந்த மரியாதை வெள்ளைக்காரப் பண்ணைக்காரருக்கும் வெள்ளைக்கார ரைடருக்கும் மட்டும்தான் கிடைக்கிறது. கருப்பின மக்கள் தெற்கே போகும்போது சாலையோர வீடுகளாகவும் முகங்களாகவும் ஓடி மறைகிறார்கள். கருப்பின மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர்கூடப் படத்தில் இல்லை, அவர்கள் செய்த பைக் மட்டும் முழுப் படத்திலும் இருக்கிறது.

இப்போது செகண்ட் ஹேண்ட் சிக்கலுக்கு வருவோம். படத்துக்காகச் செய்த வண்டிகள் நான்கு. ஒன்று கடைசிக் காட்சியில் நொறுங்கியது, மற்றவை திருடு போயின. நொறுங்கிய வண்டியின் மிச்சங்களை வைத்து, பின்னாளில் நடிகராகப் பிரபலமான டான் ஹாகர்ட்டி ஒரு பைக்கை மறுபடி கட்டியதாக வரலாறு. 2014 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் ‘அசல் கேப்டன் அமெரிக்கா’ 13.5 லட்சம் டாலருக்குப் போனது, கமிஷன் தனி. ஆனால் டெக்சாஸில் இன்னொருவர் அசல் என்னிடம் இருக்கிறது என்றார். இரண்டு வண்டிக்கும் ‘இதுதான் அசல்’ என்று கையெழுத்துப் போட்டது ஒரே ஹாகர்ட்டி!

ஏன் இப்படி ஆகிறது? பழைய ஹார்லி வாங்கியவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். 1970-க்கு முந்தைய ஹார்லியில் பதிவு எண் எஞ்சின் கேஸில் மட்டும்தான் குத்தியிருக்கும், ஃபிரேமில் கிடையாது. வண்டியின் சட்டப்படியான அடையாளம் எஞ்சின்தான். அதனால் இந்த வண்டிகளை வாங்கப் போகிறவர் முதலில் இடது கேஸில் உள்ள எண்ணைப் பார்ப்பார், அப்புறம் குனிந்து இரண்டு கேஸ்களின் அடியில் உள்ள எண்கள் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்.

சாப்பரில் இது நேர் தலைகீழான நிலைமையை உண்டாக்குகிறது. எஞ்சின் கம்பெனி செய்தது, ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அதற்கு எண் உண்டு. கழுத்துச் சாய்வு, நீட்டிய ஃபோர்க், பெயின்ட் ஆகியவைதான் கலை. அதற்கு எண்ணே கிடையாது. எண் இருக்கிற இடத்தில் கலை இல்லை, கலை இருக்கிற இடத்தில் எண் இல்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், கோட் இருக்கிறது, கமிட் ஹிஸ்டரி இல்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்று கேட்டால் மனிதர்களின் வாய்ச்சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

அந்த வாய்ச்சொல்லில் முதல் இடம் செய்தவருடையது. கழுத்தில் தான் வைத்த வெல்டிங் எது என்று செய்தவருக்குத் தெரியும். பட்டறையில் ஒரு நோட்டு, நாலு போட்டோ, டைட்டிலில் ஒரு பெயர் இருந்திருந்தால், பின்னாளில் தேடி வந்தவர்கள் நேராக அங்கேதான் போயிருப்பார்கள். அது எதுவும் இல்லாததால், பிற்பாடு ஒட்டுப்போட்டவரின் கையெழுத்தே கடைசிச் சாட்சி ஆனது. ஆக, 1969-இல் இரண்டு பெயர்களை விட்டது நியாயப் பிழை மட்டும் இல்லை. 45 வருஷம் கழித்து 13.5 லட்சம் டாலர் சந்தேகமாக அது திரும்பி வந்தது. வாஸ் 2016-இல்தான் காலமானார், அந்த ஏலம் நடந்தபோது உயிரோடு இருந்தார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கோடிக்கணக்கில் போகாத சாதாரண கஸ்டம் க்ரூஸருக்கும் இதே கணக்குதான், அங்கே பணத்தோடு உயிரும் சேர்கிறது. கழுத்துச் சாய்வைக் கூட்டினால் டிரெயில் மாறும். நேர்ச்சாலையில் வண்டி ரயில் மாதிரிப் போகும், மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் சாயும். ஃபோர்க் நீளத்தைச் சாய்வோடு சேர்த்துக் கணக்குப் போட்டவர் செய்திருந்தால் பயமில்லை. பார்வைக்காக மட்டும் அறுத்து ஒட்டியிருந்தால்? பட்டி போட்டு மழுப்பி, மேலே பெயின்ட் அடித்த மூட்டில் விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. குரோம் எவ்வளவு மின்னுகிறது என்பது இதற்கு விடை இல்லை. ‘இந்தக் கழுத்தை வெல்டிங் பண்ணது யாரு, வேலை நடந்தப்ப எடுத்த போட்டோ இருக்கா’ என்று கேட்பதுதான் சரியான முதல் கேள்வி. விற்பவர் பெயர் சொல்லத் தயங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடலாம்.

‘ஈஸி ரைடர்’ இன்னும் நல்ல படம்தான். நீட்டிய ஃபோர்க்கும் குரோமும் வெயிலில் ஓடுவதைப் பார்க்கும் சுகம் எனக்கும் குறையவில்லை. ஆனால் அடுத்த முறை பார்ப்பவர்கள் டைட்டில் ஓடும்போது இரண்டு பெயர்களை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்: பென் ஹார்டி, கிளிஃப் வாஸ்.